வண்ணத்தேக்கம் என்று நான் பெயரிட்ட நோய்

என் வலக்கண்ணுக்கு இன்று பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் தெரியும். எதிரே கையை அசைத்தால் ஏதோ அசைகிறது என்பது புலப்படும். அது யார் கை என்பது புலப்படாது. இடக்கண் பிழைத்துக் கிடக்கிறது. அந்த ஒற்றைக் கண்ணைக் கொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் மலைத் தோட்டங்களில் மாலையானதும் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, படம் பார்க்க அமரும் குடும்பத்தார் இதைப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்நேரத்தில் அவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவி கமலமும் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில், எங்கள் மகன் செம்பியனுடைய வீட்டில் குடியேறினோம். செம்பியன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். மருமகள் இலட்சுமி கொழுந்து பறித்தாள். எண்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தவை இவை.

நாற்புறமும் மலைகள் மறித்து நிற்பதால் எங்கள் பள்ளத்துக்குத் தொலைக்காட்சி அலைகள் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. கூரைமேல் எத்தனை கம்பி நட்டாலும் திரையில் வெண்துகள் மழையே பொழியும். அதனால்தான் வீடியோ எனப்பட்ட பெட்டி எங்கள் லயங்களை அவ்வளவு விரைவில் வென்றது. அதற்கு அலையும் வேண்டா, மலையும் தடையில்லை. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் கடையில் படநாடாவை வாடகைக்கு எடுத்துவந்து உள்ளே செருகினால் போதும். வண்ணத் தொலைக்காட்சியோடு அப்பெட்டியையும் செம்பியன் வாங்கி வந்த அன்று நான் அதற்குப் 'படப்பேழை' எனப் பெயர் சூட்டினேன். அயற்பொருளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டால் அதை வென்றுவிட்டதாக எண்ணுவது என் நெடுநாளைய பழக்கம்.

முதலில் மாலையில் மட்டும் பார்த்தோம். பிறகு மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற பகற்பொழுதிலும், சாளரத்தில் போர்வையைத் தொங்கவிட்டு, நானும் கமலமும் முந்தைய மாலை பார்த்த படத்தையே மீண்டும் பார்த்தோம். மறுநாள் நாடாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே, அதற்குள் இன்னொருமுறை என்பது எங்கள் கணக்கு. தானா ராத்தா நகருக்கு நடந்து சென்று நாளிதழ் வாங்கிவரும் வழக்கம் நின்றது. இலக்கண நூலுக்கு எழுதத் தொடங்கிய உரை வினையியலோடு நின்றது. என்னிடம் படித்து ஆளானவர்கள் பார்க்க வந்தால் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே கையால் அமரச் சொன்னேன். அவர்களும் சற்று நேரம் அமர்ந்து திரையைப் பார்த்துவிட்டு எழுந்து சென்றார்கள். சிலர் எழுந்து செல்லவே இல்லை.

மாலை வேளைகளில் அண்டை வீட்டாரும் வந்து கூடுவர். கொட்டகையில் பார்ப்பதுபோல் இருக்கவேண்டும் என்பதற்காக வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவோம். அக்காலத்தில்தான் லயத்தில் ஒரு பேச்சு பரவியிருந்தது. வண்ணப் பெட்டியை நெடுநேரம் பார்த்தால் அதன் வண்ணங்கள் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பது அது. ஆறிய தேநீரில் கண்ணைக் கழுவினால் அவை கரைந்துவிடும் என்பது அதற்கு மருத்துவம்.

ஒருநாள் படம் முடிந்து வெளியே வந்தபோது, வாயிற்புற விளக்கைச் சுற்றி வானவில்லைப் போன்ற வளையமொன்றைக் கண்டேன். புருவத்தின்மேல் மந்தமான வலியும் இருந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் கூறினேன்.

"அது கலர் ஒட்டிக்கிச்சு சார்," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். தேத்தண்ணி ஊத்தி கழுவுங்க, காலைல போயிரும்."

கழுவினேன். காலையில் வளையம் இல்லை, வலியும் இல்லை. அடுத்தடுத்து அது வந்தபோதெல்லாம் கழுவினேன், விடிந்ததும் நீங்கியிருந்தது. 'கலர் ஒட்டிக்கொண்டது' என்று சொல்ல என் நா கூசியதால் அதற்கு 'வண்ணத்தேக்கம்' எனப் பெயரிட்டேன். முனியம்மாள் வாயில் அது அறியாமையாக இருந்தது. தூய தமிழில் ஒரு பெயர் கிடைத்ததும் எனக்கே அது அறிவாகத் தோன்றிவிட்டது. லயத்தாரும் அப்பெயரை மதிப்போடு ஏற்றுக்கொண்டனர். தலைவலிக்கு மாத்திரை வாங்கத் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் சென்றபோது, என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். "வண்ணத்தேக்கம், படம் பார்ப்பதால் வருவது. தலைவலிக்கு மட்டும் கொடுங்கள்" என்றேன். அவர் என் பழைய மாணவர். மறுபேச்சின்றிக் கொடுத்தார். அவரை நான் குறை கூறமாட்டேன். அவரிடம் நான் நோய்க்குறிகளைச் சொல்லவில்லை, முடிவைச் சொன்னேன்.

தீபாவளி விடுமுறையில் பிற்பகலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் ஓடின. இரண்டாவது படத்தின் நடுவே வலக்கண்ணுக்குள் ஆணி இறங்குவதுபோல் வலி கிளம்பியது. எழுந்துபோய் வாந்தியெடுத்தேன். பித்தம் என்றாள் கமலம். பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் இலட்சுமி. செம்பியன் மட்டும், "லோரி கேட்டு தானா ராத்தா போயிரலாமாப்பா?" என்றான். படம் முடியட்டும் என்றேன். அதை என்னைத் தவிர வேறு எவரும் சொல்லவில்லை.

விடிந்தபோது அக்கண் சிவந்து, ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கியிருந்தது. இம்முறை தேநீர் எதையும் கரைக்கவில்லை. தானா ராத்தாவில் பார்த்த மருத்துவர் மூடிய இமையின்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தவுடனே, ஈப்போவிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு ஊர்தி ஏற்பாடு செய்தார். மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகள் ஒவ்வொன்றிலும் வாந்தியெடுத்தேன். கமலம் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். இறங்க இறங்க வெப்பம் ஏறியது; அவள் என் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கண் பிரிவின் நடைக்கூடத்தில் நீண்ட பலகைகள். எல்லாரும் எதிர்ச்சுவரையே நோக்கி அமர்ந்திருந்தோம். சுவரில் ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிடும் வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததே, பல திங்கள்களில் அசையாத ஒன்றை நான் பார்த்த முதல் வேளை.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. மகளாக இருக்கும் வயது. என்னைப் படுக்கவைத்து, கண்ணை மரக்கச்செய்யும் துளியிட்டு, விழியின்மேல் ஒரு சிறு உலோகக் கருவியை நிறுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததுண்டா? உண்டு. எப்போதிலிருந்து? பல திங்கள்களாக. ஏன் அப்போதே வரவில்லை?

விடை சொல்ல வாயெடுத்தேன். வண்ணத்தேக்கம் என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றபோதுதான் அச்சொல்லுக்குள் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. 

அவர் விளக்கியதை எளிய தமிழில் தருகிறேன். கண்ணுக்குள் ஒரு நீர் இடையறாது ஊறிக்கொண்டிருக்கும். விழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே அது வெளியேறிக்கொண்டும் இருக்கும். சிலருக்கு அவ்வடிகாலின் வாய் குறுகலானது. இருட்டில் கண்மணி விரியும்; அப்போது அதைச் சுற்றியுள்ள நிறத்திரை ஓரத்தில் மடிந்துபோய் அவ்வாயை அடைத்துவிடும். ஊறும் நீர் ஊறியபடி இருக்க, போக்கிடமின்றிக் கண் கல்லாக இறுகும். அவ்விறுக்கத்தில் விழியின் முன்படலம் நீர்கோத்து வீங்கும். அதன் வழியே விளக்கைப் பார்த்தால்தான் வானவில் வளையம். உறங்கும்போது கண்மணி சுருங்குவதால் அடைப்பு விலகும். தேநீர் என் கண்ணை ஒருநாளும் ஆற்றவில்லை, உறக்கமே ஆற்றியது. கிளக்கோமா என்று ஆங்கிலத்தில் வழங்கும் கண்ணழுத்த நோயின் கடுமையான வகை இது. வண்ணங்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. கொட்டகைபோல் இருக்கவேண்டும் என்று நாங்களே உண்டாக்கிய இருட்டுத்தான் செய்தது.

கண்மணியைச் சுருக்கும் எரிச்சலான துளிகளை ஓயாது விட்டார்கள். பாகுபோன்ற இனிப்பு நீரொன்றை எலுமிச்சைச் சாற்றில் கலந்து குடிக்கவைத்தார்கள். அது உடலின் நீரை இழுத்து அழுத்தத்தைக் குறைக்குமாம். வேறொரு மாத்திரை விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வைத் தந்தது. அழுத்தம் இறங்கியபின், நிறத்திரையில் சிறு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி செய்யும் அறுவை நடந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச்செய்ததால் அவர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. அறுவை நன்றாக நடந்தது. ஆனால் பார்வை நரம்பு அதற்கு முன்பே பட்டுப்போயிருந்தது. "அழுத்தத்தைத் தடுத்துவிட்டோம், பார்வையைத் திருப்பித் தர எங்களால் இயலாது" என்றார் மருத்துவர். இடக்கண்ணும் அதே அமைப்புடையது, அதற்கும் துளையிடாவிட்டால் அதுவும் போகும் என்றார்.

அசையக்கூடாது என்பதற்காக முதலில் இரு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அக்கட்டுக்குள் நான் பட்ட பாட்டை வெட்கத்தோடு கூறுகிறேன். வலியைவிட, அன்று பாதியில் வாந்தியெடுக்கப் போனபோது படத்தில் என்ன நடந்தது என்பதே என்னை வாட்டியது. ஈப்போவில் தன் தங்கை வீட்டில் தங்கி, நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கரண்டியால் ஊட்டிய கமலத்திடம் அதைக் கேட்டேன். அவள் ஊட்டியபடியே கதையைச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. நான் அந்தப் படம் இன்னும் பாக்கல லா."

அப்படித்தான் அந்தோணி எனக்கு அறிமுகமானார். எங்கள் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம் என்ற ஊரிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் சரக்குந்து ஓட்டுநர். பாரத்தின்மேல் போர்த்திய துணியை இழுத்துக் கட்டும்போது கொக்கி தெறித்து இடக்கண்ணில் அடித்துவிட்டது. அவர் முகத்தை நான் காண்பதற்கு முன் அவருடைய வாழ்க்கை முழுவதையும் கேட்டுவிட்டேன்.

"சார், நீங்க பேசுறது ரேடியோ நியூஸ் மாரியே இருக்கு. வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்டிலும் இப்படித்தான்."

"அம்மா பாவம் லா."

கமலம் சிரித்தாள். அவள் சிரிக்கும் ஒலியை, திரை முன்னே அல்லாமல், நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

அந்தோணி வளைவுகளைப் பற்றிச் சொல்வார். எந்த வளைவில் எந்தக் காலத்தில் மண் சரியும், மூடுபனியில் எதிரே வருவது பேருந்தா சிற்றுந்தா என்பதை ஒலியைக்கொண்டு எப்படி அறிவது என்பதெல்லாம் சொல்வார். பார்வை திரும்பாவிட்டால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தைக் கேலியாகவே சொல்வார். "ஒத்தக்கண்ணு டிரைவர்னா பயந்துருவானுங்க சார். உங்களுக்கு என்னா. பாதி படந்தான் தெரியுதுன்னு சொல்லி கேசட்டு கடையில பாதி வாடக குடுங்க." கட்டவிழ்க்கும் நாளில் அவருக்கு என்ன ஆகும் என்பதை அறிய நான் ஏங்கினேன். என் பக்கத்தில் படுத்திருந்த ஒரு மனிதரின் முடிவை அறிய ஏங்கினேன். அது எங்கும் படமாக்கப்பட்டிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பியனும் இலட்சுமியும் மலையிறங்கி வந்தார்கள். ஏனத்தில் மிளகுநீர், வாழையிலையில் பொதிந்த சோறு, எனக்கென்று தைத்த மெல்லிய சட்டை. இலட்சுமி என் கால்களைப் பிடித்துவிட்டாள். எல்லாம் நிறைவாகவே இருந்தது. பார்வையாளர் நேரம் இன்னும் மிகுதியாக இருக்கையிலேயே செம்பியன் எழுந்தான்.

"கெளம்புறோம்பா. கடைசி பஸ்ச விட்டா கஷ்டம்."

"கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறதே."

அவன் காலி ஏனத்தை எடுத்துக்கொண்டான். இலட்சுமிதான் சொன்னாள்: "இல்ல மாமா, ரெண்டு கேசட்டு எடுத்தோம். நாளைக்கு திருப்பணும். இன்னும் ஒண்ணு பாக்கல."

அவர்கள் சென்றபின் அந்தோணி சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். கேசட்டுக்குத் தவண இருக்கு. அப்பாவுக்குத் தவண இல்ல. அவ்வளவுதான்."

கட்டை அவிழ்த்தபோது அந்தோணியின் கண் பாதி மீண்டிருந்தது. உரிமத்துக்கு அது போதவில்லை. என் நிலையை முன்பே கூறிவிட்டேன். இடக்கண்ணுக்கு உடனே அறுவை செய்ய எண்ணியிருந்தார்கள். எனக்கோ நெஞ்சில் சளி கட்டி இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் கத்தி வைத்திருக்கும் நேரத்தில் ஒருமுறை இருமினாலும் எல்லாம் பாழ் என்று, இருமல் தீரும்வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். துளிமருந்தைத் தவறாது விடவேண்டும். எக்காரணத்தாலும் இருட்டில் அமரக்கூடாது. "படம் பார்ப்பதென்றால் அறை விளக்கு எரியட்டும்" என்று மருத்துவர் இருமுறை கூறினார். கமலத்துக்கும் அதைத் தமிழில் சொல்லச் செய்தார். அவள் தலையாட்டினாள்.

ஒரு விளக்கு எரியவேண்டும். எஞ்சிய கண்ணுக்கும் எனக்கும் இடையே இருந்தது அவ்வளவே.

வீடு திரும்பிய முதல் மாலை விளக்கு எரிந்தது. அண்டை வீட்டார் என் கண்ணைப் பார்த்து வருந்தினார்கள். முனியம்மாள் அழக்கூடச் செய்தாள். பின்னர் படம் தொடங்கியது.

"வெளிச்சத்துல மூஞ்செல்லாம் வெளுத்துத் தெரியுது," என்றான் ஒருவன்.

"அப்பா கண்ணுக்காக லா. பொறுத்துக்க," என்றான் செம்பியன்.

மறுநாளும் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள், ஒரு பாட்டுக்கு மட்டும் என்று யாரோ விளக்கை அணைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்தும் விளக்கு எரியவில்லை. "விளக்கு" என்றேன். எவர் காதிலும் விழவில்லை. மீண்டும் சொன்னேன். கமலம் எழுந்து வந்தாள். விளக்கைப் போட வருகிறாள் என எண்ணினேன். அவள் என் தோளைத் தொட்டு, மிகத் தணிந்த குரலில் சொன்னாள்:

"என்னாங்க, நீங்க செத்த வெளிய ஒக்காருங்களேன். காத்தோட்டமா இருக்கும். இவங்களும் எத்தன நாளைக்குத்தான் பொறுத்துக்குவாங்க."

நாற்காலியை அவளே தூக்கிவந்து வாயிற்புற விளக்கின்கீழ் போட்டாள். சூடாகத் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளி விளக்கின் ஒளி திரையில் படுகிறதாம்.

தலைமையாசிரியர் மனவுறுதியால் படப்பேழையைத் துறந்தார் என்று தோட்டத்தில் இன்று பேசுகிறார்கள். கோவில் கூட்டத்தில் ஒருவர் என்னை எடுத்துக்காட்டாகவும் கூறினார். நான் துறக்கவில்லை. வெளியே அமர்த்தப்பட்டேன். தொடக்கத்தில் உள்ளிருந்து வந்த உரையாடலைக் கேட்டே காட்சிகளை உருவாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை எழுந்துபோய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். எந்தக் கண்ணை என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே இருட்டு. சட்டெனப் பின்வாங்கினேன். அன்று கொண்ட அச்சத்தோடு ஒப்பிட்டால் அறுவை மேசை ஒன்றுமில்லை.

அதன்பின் நாற்காலியை மறுபுறம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிரே தேயிலைச் சரிவு. மூடுபனி மேலிருந்து இறங்காமல் பள்ளத்திலிருந்து ஏறிவரும் என்பதை, அத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும், அப்போதுதான் கண்டேன். கண்டதைச் சொல்ல ஆளில்லை. லயம் முழுவதும் சாத்திய கதவுகள். இடுக்குகளில் நீல ஒளி துடித்துக்கொண்டிருக்கும். நனவுலகுக்குத் திரும்பியவன் நான். அங்கே என்னை வரவேற்க எவரும் இருக்கவில்லை.

அந்தோணி மட்டும் எப்போதாவது வருவார். தம்பி ஓட்டும் சரக்குந்தில் இப்போது உதவியாளாகச் சென்றுவந்தார். இறங்கி, இரண்டு முட்டைக்கோசுகளை என் காலடியில் வைத்துவிட்டு, கவிழ்த்த பெட்டியொன்றில் அமர்வார்.

"ஏன் சார், இந்த லயத்துல ஆளே இல்லியா?"

"எல்லாரும் இருக்கிறார்கள்."

"கூப்பிடட்டுமா? அம்மாகிட்ட ஒரு கோப்பி கேக்கலாம்."

"பாட்டு ஓடுகிறது. சற்றுப் பொறுங்கள்."

பொறுத்தோம். பாட்டுக்குப்பின் சண்டைக்காட்சி வந்தது. தம்பி ஒலிப்பானை அழுத்தினான். "பரவால்ல சார், அடுத்த தடவ குடிப்போம்," என்று அவர் எழுந்தார். இருவரிடமும் சேர்ந்து இரண்டரைக் கண். அதைக்கொண்டு ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டோம்.

இருமல் தீர்ந்தது. ஈப்போ சென்று இடக்கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டேன். கமலம் முன்போலவே கஞ்சி ஊட்டினாள். கட்டவிழ்க்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடத்தில் அன்பில்லை என்று எவரும் சொல்லிவிடமுடியாது. அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

இறுதி ஆய்வின்போது மருத்துவர் மலர்ந்த முகத்தோடு ஆங்கிலத்தில் கூறினார்: துளை நன்றாக அமைந்துவிட்டது, இனி இந்தக் கண்ணுக்கு இருட்டால் தீங்கில்லை, விரும்பினால் விளக்கை அணைத்துவிட்டும் படம் பார்க்கலாம். நன்றி கூறி வெளியே வந்தேன்.

நடைக்கூடத்தில் காத்திருந்த கமலத்துக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னா சொன்னாங்க டாக்டரு?" என்றாள்.

"கண் பிழைத்துவிட்டது. ஆனால் இருட்டு என்றைக்குமே ஆகாதாம். விளக்கு எரியத்தான் வேண்டுமாம்" என்றேன்.

என் வாழ்நாளில் அவளிடம் நான் அறிந்து கூறிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். இனி விளக்கை எரியவிடுவோம் என்பாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று எண்ணிப் பார்த்தாள்.

"சரி, போவட்டும். அதான் வெளிய ஒக்காந்து பழகிட்டீங்களே," என்றாள்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடைமுன் நின்றாள். மலைவாசிகளுக்காக அங்கே கம்பளிக் குல்லாய்கள் தொங்கின. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தடிப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வெளியே பனிக்குக் காது வரைக்கும் மூடும் என்றாள். ஈப்போவின் நடுப்பகல் வெயிலில், சாலையோரத்திலேயே, அதை என் தலையில் மாட்டி, இருபுறமும் இழுத்துவிட்டு, ஓரடி பின்னே நகர்ந்து அளவு பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது.